வாளையார் தாண்டி வரும் லாரி, வீட்டுக் குப்பையில் கிடக்கும் ஊசி: மருத்துவக் கழிவில் உண்மையான ஆபத்து எங்கே?

கேரளப் பதிவெண் லாரி, தென்னந்தோப்பில் கொட்டிக் கிடக்கும் மூட்டைகள், மூக்கைப் பொத்திக்கொண்டு திரண்ட ஊர் மக்கள், சிறைபிடிக்கப்பட்ட டிரைவர். கொங்குப் பகுதிக்கு இந்தச் செய்தி புதுசு இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவு, மதுக்கரை என்று ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். ரெண்டு நாள் பரபரப்பாக ஓடும், அப்புறம் அடங்கிவிடும்.

அந்த மூட்டைக்குள் இருந்தது என்ன, அது எங்கே போயிருக்க வேண்டும், ஏன் அங்கே போகாமல் தோப்புக்கு வந்தது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால், ஆபத்து எல்லை தாண்டி வரும் லாரியில் மட்டும் இல்லை என்பதும் புரியும். கோவையில் வீட்டு வாசலில் எடுக்கப்படும் தினசரிக் குப்பையிலும் அதே ஊசி இருக்கிறது.

எது மருத்துவக் கழிவு?

ஆஸ்பத்திரியில் இருந்து வரும் எல்லாமே ஆபத்தான கழிவு இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் நம் வீட்டுக் குப்பை மாதிரிதான்: சாப்பாட்டு மிச்சம், காகிதம், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில். மீதி 15 சதவீதத்தில்தான் தொற்று, விஷ ரசாயனம், கதிரியக்கம் போன்ற ஆபத்துகள் இருக்கின்றன.

கேட்கும்போது ஆறுதலாக இருக்கும். ஆனால் ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த கதைதான் இது. ரத்தம் தோய்ந்த பஞ்சு நான்கு, சாப்பாட்டுத் தட்டுகள் இருக்கும் மூட்டையில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த மொத்த மூட்டையும் தொற்றுக் கழிவுதான். அதை யாரும் உட்கார்ந்து பிரித்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்வார்கள்: கழிவு உருவாகும் இடத்திலேயே, உருவாகும் அந்த நிமிடத்திலேயே பிரிக்க வேண்டும். நர்ஸ் கையில் இருந்து சிரிஞ்ச் கீழே போகும் அந்த நொடியில் சரியான டப்பா பக்கத்தில் இருந்ததா இல்லையா? மிச்சக் கதை முழுக்க அதைப் பொறுத்ததுதான்.

இந்தியாவில் இதற்கு முதன்முதலில் விதி வந்தது 1998-ல். இப்போது நடைமுறையில் இருப்பது 2016 மார்ச்சில் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். இது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெருமுனை கிளினிக், ரத்தப் பரிசோதனை லேப், பல் மருத்துவர், சித்தா, ஆயுர்வேத மருத்துவமனை, கால்நடை மருத்துவமனை, தடுப்பூசி முகாம், பள்ளிக்கூடத்து முதலுதவி அறை வரை எல்லாமே இதற்குள் வரும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும்போது, மூலையில் வரிசையாக இருக்கும் கலர் டப்பாக்களைக் கவனித்திருப்பீர்கள். வெறும் அலங்காரம் இல்லை அது. எந்தக் கலரில் போடுகிறார்களோ, அதை வைத்துத்தான் அந்தக் கழிவு எரிக்கப்படுமா, வேகவைக்கப்படுமா, மறுசுழற்சிக்குப் போகுமா என்பது முடிவாகும்.

மஞ்சள் பையில் போவது எரிக்க வேண்டியவை. ஆபரேஷனில் அகற்றப்பட்ட உடல் பாகம், நஞ்சுக்கொடி, ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து எல்லாம் இதில். புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகளின் மிச்சமும் மஞ்சளில்தான் போகும். ஆனால் தனி எச்சரிக்கைக் குறியோடு. அவற்றை எரிக்க 1,200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்.

சிவப்பு, பிளாஸ்டிக்குக்கு. சலைன் பாட்டில், டியூப், கதீட்டர், யூரின் பை, கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச். இவற்றை எரிக்கக் கூடாது. ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிக் கலனில் கிருமி நீக்கி, துண்டு துண்டாக அரைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத் தர வேண்டும். சிவப்புப் பையில் காசு இருக்கிறது என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊசி, பிளேடு போன்ற கூர்மையான பொருட்களுக்கு வெள்ளை டப்பா. பை கிடையாது, குத்தினாலும் துளை விழாத கெட்டி டப்பா. கண்ணாடி மருந்துக் குப்பிகளும், உடலில் பொருத்தி எடுத்த உலோகத் துண்டுகளும் நீலத்துக்குப் போகும்.

ஒரு ஊசி குத்தினால் என்ன ஆகும்?

மருத்துவக் கழிவு என்றதும் நாற்றமும் ஈயும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நாற்றத்தால் வரும் நோயைவிட, சத்தமில்லாமல் குத்தும் ஊசிதான் மோசம்.

தொற்று உள்ளவரின் ரத்தம் படிந்த ஊசி ஒருமுறை குத்தினால், ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்பு 30 சதவீதம். ஹெபடைடிஸ் சி-க்கு 1.8 சதவீதம். எச்.ஐ.வி.க்கு 0.3 சதவீதம். இதுவும் உலக சுகாதார அமைப்பு தரும் கணக்குதான். எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. அதைவிட நூறு மடங்கு எளிதாகத் தொற்றுவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸ் காய்ந்துபோன ரத்தத்தில்கூட, உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். திங்கட்கிழமை வீசிய ஊசி, ஞாயிற்றுக்கிழமை குத்தினாலும் ஆபத்துதான்.

இங்கேதான் விதியில் ஒரு ஓட்டை தெரிகிறது. மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்கள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், பயிற்சி தர வேண்டும், வருடம் ஒருமுறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2016 விதி சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் கட்டளை மருத்துவமனைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் பார்த்து எழுதப்பட்டது. விடிகாலையில் தள்ளுவண்டியோடு வீதி வீதியாகப் போகும் தூய்மைப் பணியாளர் கையில் அந்த ஊசி வந்து சேரும் என்று விதி எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. அவர்கள் கணக்கில், ஊசி வெள்ளை டப்பாவைத் தாண்டி வெளியே வராது. நிஜத்தில் வருகிறது.

குப்பை பொறுக்கி விற்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குக் கையுறையும் இல்லை, சம்பளமும் இல்லை, குத்தினால் போய்ச் சொல்ல மேஸ்திரியும் இல்லை.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அழுத்திப் பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பலன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஏற்கெனவே போடவில்லை என்றால் அன்றைக்கே தொடங்குவார்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் பரிசோதனையில் தெரிந்தால் குணப்படுத்த இன்று மாத்திரை இருக்கிறது.

"சின்னதா குத்துனதுதானே, சரியாப் போயிரும்" என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த 72 மணி நேரம் அப்படியே கரைந்துபோகும்.

ஊசி குத்துவது ஒரு ஆபத்து. அதே ஊசி திரும்பக் கடைக்கு வருவது இன்னொரு ஆபத்து. 2009-ல் குஜராத்தின் மொடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி வேகமாகப் பரவியது. சுமார் 240 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். விசாரித்தபோது, ஒருமுறை பயன்படுத்திய சிரிஞ்சுகளை மறுபடி பயன்படுத்தியது தெரிந்தது. குப்பைக்குப் போன சிரிஞ்சுகள் கழுவி, பேக்கிங் செய்து திரும்பவும் விற்பனைக்கு வரும் கள்ளச்சந்தையும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. சிவப்புப் பையில் காசு இருக்கிறது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். சலைன் பாட்டிலும் சிரிஞ்சும் நல்ல தரமான பிளாஸ்டிக். அரைக்காமல் வெளியே போனால், வாங்க ஆள் இருக்கிறது.

48 மணி நேரம், 75 கிலோமீட்டர்

சரி, பிரித்தாகிவிட்டது. அடுத்து? ரத்தம், சதை கலந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. 75 கிலோமீட்டருக்குள் பொது சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், மருத்துவமனை தன் வளாகத்தில் சொந்தமாக எரிக்கவும் கூடாது. அந்த நிலையத்தின் வண்டி வந்துதான் எடுத்துப் போக வேண்டும். கோவை வட்டாரத்துக்கு அப்படி ஒரு நிலையம் செட்டிபாளையம் அருகே ஒராட்டுக்குப்பையில் இருக்கிறது.

ஒவ்வொரு பையிலும் பார்கோடு ஒட்ட வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி, எந்தக் கலர், எத்தனை கிலோ என்று அதில் பதிவாகும். பை ஏற்றப்படும்போது ஒரு ஸ்கேன், நிலையத்தில் இறங்கும்போது ஒரு ஸ்கேன். வண்டியில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும். கூரியரில் செருப்பு ஆர்டர் செய்தால் அது எந்த ஊரில் இருக்கிறது என்று போனில் பார்க்கிறோமே, அதே ஏற்பாடுதான்.

நிலையத்தில் எரிப்பதும் சாதாரண எரிப்பு இல்லை. எரியுலையில் இரண்டு அறைகள். முதல் அறையில் சுமார் 800 டிகிரியில் கழிவு எரியும். கிளம்பும் புகை இரண்டாவது அறைக்குப் போய் 1,050 டிகிரியில் குறைந்தது 2 நொடி நிற்க வேண்டும். அப்புறம் புகையைக் கழுவி, 30 மீட்டர் உயரக் குழாய் வழியாக வெளியே விட வேண்டும். இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உருவாகும். புற்றுநோயை வரவழைக்கக்கூடியது. மண்ணில் விழுந்து, புல்லில் படிந்து, மாட்டுப் பாலில் கொழுப்போடு சேர்ந்து மனிதனுக்குத் திரும்பி வரும். கறவை மாடு வீட்டுக்கு வீடு இருக்கும் கொங்கு மண்ணில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

தோப்பில் கொட்டிய மூட்டைக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தீ வைக்கிறார்களே, அங்கே சூடு சில நூறு டிகிரிதான் இருக்கும். எரித்துவிட்டதால் கிருமி செத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். டையாக்சின் அப்போதுதான் பிறக்கிறது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறியது ஞாபகம் இருக்கும். கலப்படக் குப்பை எரிந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் லாரி இங்கே வருகிறது?

கேரளாவில் சுத்திகரிப்பு நிலையமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்தும் 'இமேஜ்' நிலையம் பல வருடங்களாக இயங்குகிறது. அது இருக்கும் இடம் பாலக்காடு மாவட்டம் மலம்புழா பகுதி. வாளையாரில் இருந்து பக்கம்தான். அதாவது, சட்டப்படி போக வேண்டிய இடத்துக்குக் கிட்டத்தட்ட வாசல் வரை வந்துவிட்டு, லாரி எல்லை தாண்டுகிறது.

காரணம் காசுதான். பொது நிலையத்துக்குப் படுக்கை எண்ணிக்கைப்படி கட்டணம் கட்ட வேண்டும், எடை பதிவாகும், கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் வார்டு குப்பையோடு கலந்து "சாதாரணக் கழிவு" என்று ஒப்பந்ததாரரிடம் தள்ளிவிட்டால், பார்கோடும் இல்லை, எடையும் இல்லை. அந்த ஒப்பந்ததாரர் மறுசுழற்சி ஆகும் பிளாஸ்டிக்கை உருவிக்கொள்வார். மிஞ்சியதை ஒழிக்க இடம் வேண்டும். மக்கள் நெருக்கமாக வாழும் கேரளாவில் அதற்கு இடம் கிடையாது. திருவனந்தபுரத்தின் விளப்பில்சாலை நிலையம் மக்கள் போராட்டத்தால் 2011-ல் மூடப்பட்டது, கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பற்றி எரிந்தது.

இந்தப் பக்கம் இருந்து காய்கறி, ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு தினமும் லாரிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகின்றன. திரும்பும்போது காலி. காலி வண்டிக்கு ஒரு லோடு கிடைத்தால் டிரைவருக்கு லாபம். வழியும் ஒன்றிரண்டு இல்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லை நெடுகச் சாலைகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போய்விட்டன. போலீஸ் சாவடி இருக்கிறது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில், பழைய அட்டைக்குப் பின்னால் இருக்கும் மூட்டையை நடுராத்திரியில் எத்தனை வண்டியில் இறக்கிப் பார்க்க முடியும்?

இதில் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. தோப்புக்காரருக்கோ குத்தகைக்காரருக்கோ தெரியாமல் இத்தனை லோடு இறங்காது. "உரம்னு சொன்னாங்க", "குழி மூட மண்ணுன்னு சொன்னாங்க" என்பது மாமூல் பதில். சில இடத்தில் உண்மையாகவே ஏமாந்திருப்பார்கள். சில இடத்தில் லோடுக்கு இவ்வளவு என்று பணம் கை மாறியிருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் திட்டினால் இந்தக் கணக்கு சரியாக வராது.

நெல்லையில் காட்டிக்கொடுத்த காகிதங்கள்

இந்த விவகாரம் தமிழ்நாடு முழுக்கப் பெரிதாக வெடித்தது கோவையில் அல்ல, திருநெல்வேலியில். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர், கொண்டாநகரம் பகுதிகளில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. அதில் நோயாளிகளின் ஆவணங்களும் இருந்தன. திருவனந்தபுரத்தில் உள்ள மண்டல புற்றுநோய் மையம், ஒரு தனியார் மருத்துவமனை ஆகியவற்றின் பெயர் அந்தக் காகிதங்களில் தெளிவாகத் தெரிந்தது. நோயாளியின் பெயர், நோய் விவரம் எல்லாம் ஆற்றங்கரைக் காற்றில் பறந்தது. தொற்று மட்டுமல்ல, ஒருவரின் அந்தரங்கமும் கழிவோடு வெளியே வருகிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தென்மண்டல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கழிவை மூன்று நாளில் அகற்றச் சொல்லி கேரளாவுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டிய கழிவைக் கொட்டிய மாநிலமே திரும்ப எடுத்துப் போனது அபூர்வமான காட்சி. கைதானவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள்.

"ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிட்டோம், அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது" என்று எந்த மருத்துவமனையும் கை கழுவ முடியாது. முறையில்லாமல் கையாண்டதால் சுற்றுச்சூழலுக்கோ மக்களுக்கோ ஏற்படும் சேதத்துக்கு மருத்துவமனையும் சுத்திகரிப்பு நிலையமும்தான் பொறுப்பு என்று 2016 விதி நேராகவே சொல்கிறது. நெல்லையில் பிடிபட்டது அந்தக் காகிதங்களால்தான். காகிதம் இல்லாத மூட்டைகளுக்கு இன்னும் முகவரி கிடையாது.

குண்டர் சட்டம் பாய்ந்தால் நின்றுவிடுமா?

இதே சமயத்தில், மருத்துவக் கழிவு கொட்டுபவர்களுக்குக் கடுமையான சட்டம் தேவை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் சுட்டிக்காட்டியது. தமிழ்நாடு அரசு 1982-ம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் இறுதியில் சட்டமன்றத்தில் நிறைவேறி, அந்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, சட்டவிரோதமாக மருத்துவக் கழிவு கொட்டுபவர்களை விசாரணை இல்லாமலே அதிகபட்சம் ஒரு வருடம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் மத்தியச் சட்டம் நகர்ந்திருக்கிறது. 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் மருத்துவக் கழிவு விதிகள் வருகின்றன. அதை மீறினால் முன்பு 5 வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் 2024 ஏப்ரல் 1 முதல் அந்த ஜெயில் தண்டனை எடுக்கப்பட்டது. இப்போது 10 ஆயிரம் ரூபாயில் இருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டும்.

விளைவு என்ன என்று பாருங்கள். கழிவைப் பிரிக்காமல் வெளியே தள்ளிய நிர்வாகத்துக்கு அபராதம். வாடகைக்கு லோடு ஏற்றிய டிரைவருக்குத் தடுப்புக் காவல். டிரைவரைப் பிடிப்பது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் அவர். முதல் கண்ணி, கலர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவமனை தந்த எடையும், நிலையத்தில் இறங்கிய எடையும் ஒத்துப்போகிறதா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் கணினியில் பார்த்தாலே, எத்தனை படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் கழிவு சந்தேகப்படும்படி குறைவாக வருகிறது என்பது தெரிந்துவிடும். அதற்குக் குண்டர் சட்டம் தேவையில்லை.

வீட்டிலேயே ஆரம்பிக்கும் மருத்துவக் கழிவு

லாரிக் கதை ஒரு பக்கம். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். தினமும் ஒன்றிரண்டு ஊசி என்றால், ஒரு தெருவில் மாதத்துக்கு எத்தனை ஊசி குப்பைக்குப் போகும்? கூடவே சர்க்கரை பார்க்கும் லான்செட் ஊசி. வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களின் டயாப்பர், யூரின் பை, டிரிப்ஸ் செட். வீட்டில் உருவானால் இதற்கு மஞ்சள் பையும் கிடையாது, பார்கோடும் கிடையாது.

ஊசி, சிரிஞ்ச், காலாவதி மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று 2016 திடக்கழிவு விதிகள் தனியாக வகைப்படுத்தின. தனியாகச் சேகரிக்க வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற ரெண்டு பிரிவே ஒழுங்காக நடக்காத வீடுகளில், ஊசி மக்காத குப்பைக்குள் போய்விடுகிறது. அதைக் கையால் துழாவிப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. துணி துவைக்கும் லிக்விட் வரும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு, ஊசி குத்திக்கொண்டு வெளியே வரும். ஊசியைப் போட்டதும் மூடியை மாட்ட முயற்சி செய்யாமல், அப்படியே பாட்டிலில் போடுங்கள். திரும்ப மூடி மாட்டும்போதுதான் அதிகம் பேர் குத்திக்கொள்கிறார்கள். முக்கால் பாட்டில் நிறைந்ததும் இறுக்கி மூடி, டேப் சுற்றி, "ஊசி, திறக்காதீங்க" என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ லேபிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அவர்களிடம் வெள்ளை டப்பா இருக்கும். வேறு வழியில்லை என்றால், குப்பை எடுக்க வருபவர் கையில் தனியாகக் கொடுத்து, உள்ளே ஊசி இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

காலாவதி மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டி ஃபிளஷ் செய்வது பலரின் பழக்கம். ஆன்டிபயாடிக் அப்படிச் சாக்கடைக்குப் போனால், அங்கே இருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காத கிருமிகளாக மாறப் பழகிக்கொள்ளும். நொய்யலுக்கும் குளங்களுக்கும் சாக்கடை போய்ச் சேரும் ஊரில் இது இன்னும் மோசம். விதிவிலக்காக, டிராமடால், ஃபென்டானில் போன்ற 17 மருந்துகளை மட்டும் ஃபிளஷ் செய்யலாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் சொன்னது. குழந்தைகளோ மற்றவர்களோ தவறிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் அந்த விலக்கு. மற்ற மாத்திரைகளுக்கு அது பொருந்தாது.

கழிவு அனுப்புவதாகத் திட்டு வாங்கும் அதே கேரளாதான், வீடுகளில் இருந்து காலாவதி மருந்துகளைச் சேகரிக்க 2025-ல் கோழிக்கோட்டில் 'என்பிரவுட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இந்த ஒரு விஷயத்தை அவர்களிடம் இருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் மூட்டை கிடந்தால்

கிட்டே போய்க் கிளற வேண்டாம். செருப்புக் காலோடு மேலே ஏற வேண்டாம், ஊசி ரப்பர் செருப்பைத் துளைக்கும். ஆடு மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆத்திரத்தில் தீ வைத்துவிடாதீர்கள். எரித்தால் நச்சும் வரும், ஆதாரமும் சாம்பலாகும். எட்ட நின்று போட்டோ, வீடியோ எடுங்கள். வண்டி நின்றால் பதிவெண். மூட்டையில் ஆஸ்பத்திரி பெயரோ பார்கோடோ வெளியே தெரிந்தால் அதைப் பெரிதாக்கி ஒரு படம். நெல்லையில் வழக்கை நிற்க வைத்தது அப்படிப்பட்ட காகிதம்தான். ஆனால் நோயாளி பெயர் இருக்கும் காகிதத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், அதிகாரியிடம் மட்டும் காட்டுங்கள்.

தகவல் சொல்ல வேண்டியது போலீசுக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். வாரியத்துக்குக் கோவை வடக்கு, கோவை தெற்கு என்று இரண்டு மாவட்ட அலுவலகங்கள் உள்ளன. போனில் சொன்னதோடு விடாமல், எழுத்தில் மனு கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டையை அள்ளிய பிறகும் அந்த இடத்து மண்ணில் உடைந்த ஊசி, கண்ணாடித் துண்டு கிடக்கும். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்களா என்று பார்த்த பிறகே வேலையாட்களை அங்கே களை எடுக்க அனுப்புங்கள்.